கணக்கெடுக்கப் போன ஹெலிகாப்டர்கள்

பிப்ரவரி 3, மாலை. வாசகர் கேள்வி

"மான் கணக்கெடுக்கப் போன ஹெலிகாப்டர் விழுந்தது, மரம் கணக்கெடுக்கப் போனது விழுந்தது என்று அவ்வப்போது செய்தி வருகிறது. வெளிநாட்டுச் செய்திதான், இருந்தாலும் கேட்கிறேன். என் கணிப்பு: ஒன்று எஞ்சின் கோளாறு, இல்லையென்றால் பைலட் தப்பு. எந்த வேலைக்குப் போனாலும் ஹெலிகாப்டர் ஹெலிகாப்டர்தானே, கணக்கெடுப்புக்கும் விபத்துக்கும் சம்பந்தமே இல்லை. அப்படியே இருந்தாலும் நாலு ட்ரோன் வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது. மறுப்பவர்கள் மறுக்கலாம்."

பிப்ரவரி 3, இரவு

மறுக்கிறேன். இரண்டையும்.

மேட்டுப்பாளையத்தில் வனவியல் முடித்துவிட்டு மேல்படிப்புக்கு ஐடாஹோ போனவன் நான். அங்கே கோடையில் கணக்கெடுப்புப் பறப்புகளில் பின் இருக்கையில் உட்கார்ந்து எண்ணுகிற வேலை கிடைத்தது. பைலட் இல்லை, மெக்கானிக் இல்லை, வெறும் எண்ணுகிற ஆள். அந்த இருக்கையிலிருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

ஊர்விட்டு ஊர் ஆள் ஏற்றிப் போகிற ஹெலிகாப்டர் உயரமாக, வேகமாக, நேராகப் போகும். கணக்கெடுப்பில் எல்லாமே தலைகீழ். மானோ மீனோ கண்ணில் பட வேண்டுமென்றால் மர உச்சியை ஒட்டி இறங்க வேண்டும், மெதுவாகப் போக வேண்டும், ஓடை வளைந்தால் கூடவே வளைய வேண்டும். ஹெலிகாப்டரின் கையேட்டில் உயரத்தையும் வேகத்தையும் வைத்து ஒரு வரைபடம் இருக்கும். அதில் கோடு போட்டு அடைத்த ஒரு பகுதி உண்டு. அந்த உயரத்தில், அந்த வேகத்தில் எஞ்சின் நின்றால் பத்திரமாக இறக்க வழியில்லை என்று அர்த்தம். பைலட்டுகள் அதை டெட் மேன்ஸ் கர்வ் என்பார்கள். எஞ்சின் நின்றாலும் ஹெலிகாப்டரை இறக்கலாம். கீழிருந்து வரும் காற்று மேல் ரோட்டரை, அதாவது தலைக்கு மேலிருக்கும் பெரிய விசிறியை, சுழற்றிக்கொண்டே இருக்கும், அந்தச் சுழற்சியைக் கடைசி நொடியில் செலவழித்துத் தரையைத் தொடுவார்கள். ஆனால் கையில் உயரம் இருக்க வேண்டும், அல்லது வேகம் இருக்க வேண்டும். எண்ணுகிற வேலை இரண்டையும் பிடுங்கிக்கொள்கிறது. 2000 அடியில் வந்தால் ஏதாவது ஒரு புல்வெளியில் இறங்கி வீட்டுக்குப் போன் செய்ய வைக்கும் கோளாறு, மர உச்சியில் வந்தால் ஆளைக் கொல்லும். வேலைக்கும் விபத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று கம்பி. 2010 ஜனவரி 5 அன்று கலிபோர்னியாவின் மலைப்பகுதியில், ஆபெரி என்ற ஊர்ப்பக்கம், மான் கணக்கெடுத்துக்கொண்டிருந்த பெல் 206 ரக ஹெலிகாப்டர் மின்கம்பியில் மோதியது. பைலட்டும் மாநில மீன் மற்றும் வனவிலங்குத் துறை ஊழியர் மூவரும் இறந்தார்கள். நாலு பேர் இருந்தும் கம்பியைப் பார்க்கவில்லையா என்று அப்போது சிலர் கேட்டார்கள். மூன்று பேரைக் கூட்டிப்போனதே மானைப் பார்க்கத்தான். மலைப் பள்ளத்தாக்கில் கம்பி ஒரு சரிவிலிருந்து எதிர்ச் சரிவுக்குத் தொங்கும், நடுவில் கம்பம் இருக்காது. பைலட்டுகள் கம்பியைத் தேட மாட்டார்கள், கம்பத்தைத்தான் தேடுவார்கள். கம்பம் மரத்துக்குள் மறைந்திருந்தால் தொலைந்தோம்.

பிப்ரவரி 4

"இதெல்லாம் அபூர்வம், காட்டு வேலையில் கரடி அடித்துச் சாகிறவர்கள்தான் அதிகம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் 1937 முதல் 2000 வரை பணியின்போது இறந்த வனவிலங்குத் துறையினர் பற்றி ஓர் ஆய்வு இருக்கிறது. மொத்தம் 91 பேர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விமான, ஹெலிகாப்டர் விபத்துகள். அதற்கடுத்து நீரில் மூழ்கியது, கார் லாரி விபத்து, கொலை. கொலையா என்று கேட்பீர்கள். ஆமாம், திருட்டு வேட்டைக்காரன் கையில் துப்பாக்கி இருக்குமே.

கரடி பாவம், பட்டியலில் எங்கேயோ பின்னால் நிற்கிறது. வீட்டில் அம்மா கரடியைப் பற்றித்தான் தினமும் கேட்பார். ஹெலிகாப்டரில் போகிறேன் என்றால், "நல்லா ஊர் பார்க்கலாமே" என்பார்.

பிப்ரவரி 4, இரவு

மேலே ஒருவர் "மரத்தை எதற்கு மேலே போய் எண்ண வேண்டும், அது எங்கே ஓடிவிடப் போகிறது" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

மரம் ஓடாது, சாகும். பைன் மரத்தைப் பட்டை வண்டு தாக்கினால் அடுத்த வருடம் இலை செம்பழுப்பாகிவிடும், அதற்குப் பிறகு இலை உதிர்ந்து சாம்பல் நிறத்தில் நிற்கும். தரையில் நடப்பவனுக்கு நாலு மரம்தான் தெரியும். மேலிருந்து பார்த்தால் மலைச்சரிவு முழுக்கச் சிவப்புத் திட்டுகள். அமெரிக்காவில் இதற்கென்றே வருடா வருடம் பறக்கிறார்கள். ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் 1947 முதல் நடக்கிறது. அப்போது மடியில் காகித வரைபடம், கையில் பென்சில். இப்போது டேப்லெட். ஜன்னல் வழியாகப் பார்க்கிறபோதே திட்டின் எல்லையை வரைந்து, எந்த மரம், எந்தப் பூச்சி, எவ்வளவு சேதம் என்று குறிக்க வேண்டும். விமானம் மணிக்கு 150, 200 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கும். ஒரு திட்டை வரைந்து முடிப்பதற்குள் அடுத்த திட்டு கடந்துவிடும். குனிந்து எழுதி நிமிர்ந்து பார்த்து மறுபடி குனிந்தால் வயிறு என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்த இஞ்சி மரப்பாதான் என்னைக் காப்பாற்றியது. கூட வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அதை வாங்கித் தின்றுவிட்டு, காரத்தில் கண் கலங்கி, குமட்டலையே மறந்துவிட்டார்.

இந்த வேலை பெரும்பாலும் ஹெலிகாப்டரில் இல்லை, சிறிய விமானங்களில், ஆயிரம் அடிக்கு மேலேதான் நடக்கும். அதுவும் உயிரை வாங்கியிருக்கிறது. 2010 ஜூன் 21 அன்று பென்சில்வேனியாவின் லாக் ஹேவனில், காட்டு மரங்களுக்குப் பூச்சியால் வந்த சேதத்தைப் பார்க்கப் பறந்தவர்கள் மூன்று பேர் இறந்தார்கள்.

2010 அந்தத் தொழிலுக்கே கெட்ட வருடம். ஜனவரியில் ஆபெரி, ஜூனில் லாக் ஹேவன், ஆகஸ்டில் காமியா. காமியாவைப் பற்றி நிறைய எழுத வேண்டும். நாளைக்கோ மறுநாளோ.

பிப்ரவரி 6

காமியா ஐடாஹோவில் கிளியர்வாட்டர் ஆற்றோரம் உள்ள சிற்றூர். ஆயிரத்துச் சொச்சம் பேர் இருப்பார்கள். நெஸ் பெர்ஸ் பழங்குடியினரின் நிலப்பகுதிக்குள் வருகிறது. லூயிஸ்டனிலிருந்து 12ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் ஆற்றைப் பிடித்துக்கொண்டே கிழக்கே போனால் ஓரோஃபினோ, அப்புறம் காமியா. இன்னும் மேலே போனால் லோவெல் என்ற இடத்தில் லாக்சா ஆறும் செல்வே ஆறும் சேரும். செல்வே பக்கம் சாலையெல்லாம் கொஞ்ச தூரத்தோடு முடிந்துவிடும். மீதி எல்லாம் சாலையே போடக் கூடாது என்று சட்டம் போட்டுக் காத்த காடு.

2010 ஆகஸ்ட் 31. வாஷிங்டன் மாநில எல்லையில் உள்ள கிளார்க்ஸ்டனிலிருந்து ஒரு ஹில்லர் யுஎச்-12இ கிளம்பியது. மூன்று பேர் ஒரே வரிசையில் உட்காரும் பழைய ரக ஹெலிகாப்டர், முன்னால் கண்ணாடிக் கூண்டு. பைலட், கூட ஐடாஹோ மீன், வேட்டை விலங்குத் துறையின் உயிரியலாளர்கள் இருவர். செல்வே ஆற்றில் சினூக் சால்மனின் முட்டைக் குழிகளை எண்ணப் போனார்கள். பெண் மீன் வாலால் கூழாங்கல்லை விசிறிக் குழி பறித்து முட்டையிடும். பாசி படிந்த கல் புரண்டு சுத்தமான கல் மேலே வருவதால் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். மேலிருந்து பார்த்தால் ஆற்றடியில் வெள்ளைத் திட்டு. ஒரு குழி என்றால் ஒரு தாய் மீன் கடலிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது என்று கணக்கு. கொலம்பியா, ஸ்னேக் ஆறுகளில் எட்டு அணைகளைத் தாண்டி வர வேண்டிய மீன். அதனால் எண்ணுவது பொழுதுபோக்கு இல்லை.

அவர்கள் செல்வே போய்ச் சேரவில்லை. வழியில் காமியாவில், வீடுகள் இருக்கிற பகுதியிலேயே ஹெலிகாப்டர் விழுந்தது. மூன்று பேரும் இறந்தார்கள்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. வால் முனையில் சுற்றும் சிறிய விசிறியான டெயில் ரோட்டரில் அடித்தது ஒரு கிளிப்போர்டு. அலுமினியத்தில் செய்தது, குறிப்பெடுக்கக் கொண்டுபோனது. பரீட்சைக்கு எடுத்துப் போவோமே அட்டை, அதேதான், உலோகத்தில்.

நான் அந்த ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் பலமுறை போயிருக்கிறேன். நான் அங்கே சேர்ந்தபோது விபத்து நடந்து சில வருடம் ஆகியிருந்தது. பறப்புக்கு முன் தருகிற பாதுகாப்பு வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லாமல் விட மாட்டார்கள். சொல்லிவிட்டு ஒரு கிளிப்போர்டை மேசைமேல் டமால் என்று போடுவார் அந்தப் பயிற்சியாளர். அப்புறம் எல்லோரும் அவரவர் பையைத் திறந்து காட்ட வேண்டும்.

பிப்ரவரி 6, இரவு

"அட்டை பட்டு ஹெலிகாப்டர் விழுமா, வாட்ஸப் வதந்தி மாதிரி இருக்கிறது" என்கிறார் ஒருவர்.

வதந்தி இல்லை, அரசு விசாரணை அறிக்கை. மேல் ரோட்டர் ஒரு பக்கம் சுற்றினால் உடல் மறுபக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுத்துப் பிடித்திருப்பது டெயில் ரோட்டர். சிறியது, மெலிந்தது, ஆனால் அதன் நுனி சுமார் விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் அட்டை பட்டாலும் சட்டை பட்டாலும் அடிதான். ஒரு தகட்டில் கொஞ்சம் பிய்ந்தாலே சமநிலை போய், நடுக்கத்தில் கியர்பாக்ஸோடு கழன்று போகலாம். அது போனால் ஹெலிகாப்டர் சுழல ஆரம்பிக்கும். வால் முனையிலிருந்த எடை காணாமல் போனதால் மூக்கும் கீழே சாயும். டெயில் ரோட்டர் வெறுமனே நின்றுபோனால், எஞ்சின் விசையைக் குறைத்துக் காற்றிலேயே இறங்கி வர ஒரு வழி உண்டு. பயிற்சியில் சொல்லித் தருவார்கள். பிய்த்துக்கொண்டு போனால் அந்த வழியும் ஏறக்குறைய அடைபடுகிறது.

பிப்ரவரி 8

சட்டை என்று வாய்தவறிச் சொல்லவில்லை. நியூசிலாந்து, 2018 அக்டோபர் 18. தென்தீவில் வனாக்கா விமான நிலையத்திலிருந்து ஒரு ஹியூஸ் 369 ஹெலிகாப்டர் கிளம்பியது. பைலட்டும் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் ஊழியர் இருவரும். மேற்கே ஹாஸ்ட் பக்க மலைகளில் தார் ஆடுகளைக் குறைக்கும் வேலைக்குப் போனார்கள். கிளம்பிய சற்று நேரத்தில், நிலையத்துக்கு அருகிலேயே விழுந்து தீப்பிடித்தது. மூன்று பேரும் இறந்தார்கள்.

அந்நாட்டு விபத்து விசாரணை ஆணையம் கண்டது: பறக்கும்போது பின்பக்க இடது கதவு திறந்துகொண்டது. உள்ளே கட்டாமல் கிடந்த ஓவரால் ஒன்று வெளியே போய் டெயில் ரோட்டரில் சிக்கியது. மெக்கானிக்குகள் போடுகிற முழு உடுப்பு, அவ்வளவுதான்.

பைலட்டின் குடும்பம் நியூசிலாந்தில் எல்லோருக்கும் தெரிந்தது. தந்தை சர் டிம் வாலிஸ், காட்டு மானை ஹெலிகாப்டரிலிருந்து பிடிக்கும் தொழிலை அங்கே வளர்த்தவர்களில் முன்னோடி. வனாக்காவில் பழைய போர் விமானங்களின் கண்காட்சியைத் தொடங்கியவர். அவரே 1968இல் ஹெலிகாப்டரில் மின்கம்பியில் மோதி முதுகெலும்பு அடிபட்டு, அதற்குப் பிறகும் பறந்தவர். 2018 ஜூலையில் இன்னொரு மகன் வனாக்கா ஏரியில் ராபின்சன் ஆர்44 விழுந்து இறந்தார். மூன்று மாதத்தில் இது. அந்தத் தாய் தந்தையைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

பைலட் தப்பு என்று முதலில் எழுதியவர் இதைக் கொஞ்சம் படிக்கட்டும். பிறந்ததிலிருந்து ஹெலிகாப்டருக்கு நடுவே வளர்ந்த ஆள். தாழ்ப்பாளும் துணியும் அனுபவத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 8, சற்று நேரம் கழித்து

தார் என்றால் நம் வரையாடா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை, இமயமலைத் தார். நம்முடையது நீலகிரித் தார், ஒரு வகையில் உறவு, ஆனால் தனி இனம். இமயமலைத் தாரை 1904இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு பிரபு அனுப்பி, மவுன்ட் குக் அருகே விட்டார்கள், வேட்டையாடி மகிழ. எதிரி விலங்கு இல்லாத மலை, பெருகிவிட்டது. மலைப் புல்லையும் பூச்செடிகளையும் மேய்ந்து தீர்க்கிறது என்று 1993இல் அரசு திட்டம் போட்டு, 10,000க்கு மேல் போகக் கூடாது என்று வைத்தார்கள். அப்படியென்றால் யாராவது பறந்து போய் எண்ணியாக வேண்டும், கூடினால் சுட்டாக வேண்டும்.

இங்கே வரையாடு மாநில விலங்கு. 2024இல் தமிழ்நாட்டு வனத்துறை ஒரே சமயத்தில் நடத்திய கணக்கெடுப்பில் ஆட்கள் மலையேறி நடந்து எண்ணினார்கள், 1,031 என்று வந்தது. நடந்து எண்ணுவதில் அட்டை கடிக்கும், மூட்டு வலிக்கும். எதையும் டெயில் ரோட்டரில் விட முடியாது.

பிப்ரவரி 10

முதல் நாள் நான் எழுதியதையும் ஆறாம் தேதி, எட்டாம் தேதி எழுதியதையும் சேர்த்துப் படித்தால் ஒன்று இடிக்கிறது. யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தாழப் பறப்பதும் மெதுவாகப் பறப்பதும்தான் கொல்கிறது என்று ஆரம்பித்தேன். ஆபெரிக்கு அது பொருந்தும். காமியாவிலும் வனாக்காவிலும் வேலையே ஆரம்பமாகவில்லை. இரண்டும் போகிற வழியில் நடந்தவை.

இதை இரண்டு நாளாக மனதில் போட்டுப் பார்த்தேன். என் அனுபவத்தில், பள்ளத்தாக்குக்குள் இறங்கியதும் எல்லோரும் விறைப்பாகிவிடுவார்கள். பேச்சு நின்றுவிடும். "வலது பக்கம் கம்பி", "பார்த்துவிட்டேன்", அவ்வளவுதான் இன்டர்காமில் கேட்கும். ஆனால் தளத்திலிருந்து ஆறு வரை போகிற அரைமணி நேரம் இருக்கிறதே, அது பஸ் பயணம் மாதிரி. படிவத்தை எடுத்துத் தேதி, பெயர், வானிலை எழுதிவைப்போம். ஜாக்கெட்டைக் கழற்றுவோம். ஒருவர் சாண்ட்விச்சைப் பிரிப்பார். வயிறு பிரட்டுகிறவர் ஜன்னலைத் திறப்பார், அல்லது கதவோரம் சாய்வார். கையில், மடியில், காலடியில் பொருள் இருப்பது அந்த அரைமணியில்தான்.

ஆக வேலைக்கும் விபத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பதில் நான் மாறவில்லை, சம்பந்தம் இருக்கிற இடம்தான் வேறு. ஆள் ஏற்றிப் போகிற பயணத்தில் பயணி கைப்பையை மடியில் வைத்துச் சும்மா இருப்பார். கணக்கெடுப்பில் பயணி கிடையாது. எல்லோரும் வேலைக்காரர்கள், எல்லோரிடமும் சாமான் இருக்கிறது: பேனா, அட்டை, கேமரா, பைனாகுலர், ஜிபிஎஸ், வரைபடம், வாந்திப் பை. பைலட்டின் கட்டுப்பாட்டில் இல்லாத கைகள் நாலு.

நான் வேலை பார்த்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) எடை பார்ப்பதில் அப்படி ஒரு கண்டிப்பு. பூட்ஸோடு, ஹெல்மெட்டோடு தராசில் ஏற்றி, எல்லோர் முன்னாலும் சத்தமாக எண்ணைச் சொல்லி எழுதுவார்கள். தீபாவளிக்கு அடுத்த வாரம் அது ஒரு தண்டனை. ஆனால் பின்னால் கிடக்கும் கயிறு, தார்ப்பாய், பழைய கோட்டு எல்லாம் கட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒருவரும் கிடையாது. கேட்டால், "கதவு மூடித்தானே இருக்கிறது" என்பார்கள். வனாக்கா அறிக்கை வந்த பிறகு அந்தப் பதிலை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

பிப்ரவரி 12

அட்டையை யார் விட்டது, அவர்மேல்தானே தப்பு என்று கேட்கிறார்கள். காமியா விஷயம் கோர்ட்டுக்கே போனது. பைலட்டின் தந்தை துறையின் மீது வழக்குப் போட்டார், துறையின் ஊழியர் கவனக்குறைவாக அட்டையை வெளியே விட்டார் என்று. ஐடாஹோ உச்ச நீதிமன்றம் வரை இரண்டு முறை போய், கடைசியில் 2017இல் துறைக்குச் சாதகமாக முடிந்தது. அட்டை எப்படி வெளியே போனது என்று சொல்ல உள்ளே இருந்த மூவரில் ஒருவரும் இல்லை.

அந்தத் தந்தையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகனைப் பைலட் தப்பு என்ற மூட்டையில் கட்டிவிடுவார்கள் என்று பயந்திருப்பார், இங்கே முதல் கேள்வியிலேயே கட்டினோமே. ஆனால் இறந்துபோன உயிரியலாளர் கையை மட்டும் குற்றம் சொல்வதிலும் எனக்குச் சம்மதமில்லை. உலோக அட்டையைக் கட்டாமல் ஏற்றலாம் என்று அந்தக் காலையில் மூவரும் புதிதாக முடிவு செய்திருக்க மாட்டார்கள். அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் ஏற்றினார்கள். முந்தைய நூறு முறை அட்டை மடியிலேயே இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். கட்டாத சாமானுக்கு விதி எழுதுவது மேசையில் உட்கார்ந்திருப்பவர் வேலை, ஏறும் முன் பார்ப்பது தளத்தில் இருப்பவர் வேலை, பறக்கும்போது பிடித்துக்கொள்வது கடைசி ஆளின் வேலை. எப்போதும் கடைசி ஆள் பெயர்தான் அறிக்கையில் வரும்.

பிப்ரவரி 15

சரி, ட்ரோன். நான் ட்ரோன் எதிரி என்று முடிவு கட்டிவிட்டார்கள் போல. இல்லை.

காமியாவுக்குப் பிறகு அதே ஐடாஹோவில், ஐடாஹோ பவர் மின் நிறுவனத்தின் மீன் உயிரியலாளர்கள் ஸ்னேக் ஆற்றில் முட்டைக் குழிகளை ட்ரோனில் படமெடுத்து எண்ணிப் பார்த்தார்கள். வேலை செய்தது. ஒரு லாபம், படம் கையில் இருப்பதால் சந்தேகம் வந்தால் நாளைக்கும் எண்ணலாம். ஹெலிகாப்டரில் ஒருமுறை கடந்துவிட்டால், பைலட்டைக் கெஞ்சி இன்னொரு சுற்று வரச் சொல்ல வேண்டும். அந்த இன்னொரு சுற்றுதான் பைலட்டுகளுக்குப் பிடிக்காதது. குறுகிய பள்ளத்தாக்கில், பின்காற்றில், மெதுவாகத் திரும்ப வேண்டியிருக்கும்.

தீ வைக்கும் வேலையும் அப்படித்தான். அமெரிக்காவில் காய்ந்த சருகைத் திட்டமிட்டு எரிப்பார்கள், பெரிய தீ வராமல் இருக்க. பொட்டாசியம் பெர்மாங்கனேட் அடைத்த சிறிய பிளாஸ்டிக் உருண்டைக்குள் கிளைக்கால் என்ற திரவத்தை ஏற்றி ஹெலிகாப்டரிலிருந்து கொட்டுவார்கள், சற்று நேரத்தில் தானாகப் பற்றும். 2015 மார்ச் 30 அன்று மிசிசிப்பியில் டிசோட்டோ தேசியக் காட்டில் இந்த வேலையில் ஹெலிகாப்டர் விழுந்து இருவர் இறந்தார்கள். 2019 மார்ச் 27 அன்று டெக்சாஸில் சாம் ஹூஸ்டன் தேசியக் காட்டில் ஒருவர். இப்போது அந்த உருண்டைகளைப் பல இடங்களில் ட்ரோன் போடுகிறது. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. புகைக்கு மேலே, தாழ, மெதுவாக மனிதன் போக வேண்டிய அவசியமே இல்லாத வேலை அது.

தயக்கம் வேறு இடத்தில். செல்வே மாதிரி ஆற்றில் ட்ரோன் விடுகிறவன் எங்கே நிற்பான்? சாலை கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரத்தில்தான் விட வேண்டும் என்று விதி. பேட்டரி அரைமணிக்கு மேல் தாங்குவதே பெரிய விஷயம். கோவேறு கழுதைமேல் பேட்டரி ஏற்றி வாரக்கணக்கில் நடக்க வேண்டும். நடக்கலாம், ஆனால் அந்தக் காட்டில் நடப்பதும் ஆற்றைக் கடப்பதும் ஆளைக் கொல்லும். நாலாம் தேதி சொன்ன பட்டியலில் இரண்டாவதாக நிற்பது எது என்று பாருங்கள்.

பூச்சிக் கணக்கெடுப்பில் ஒரு சோதனை தானாகவே நடந்தது. 2020இல் கொரோனா வந்தது. சிறிய விமானத்துக்குள் தோளோடு தோள் உட்கார முடியாது, பெரும்பாலான பறப்புகளை ரத்து செய்தார்கள். செயற்கைக்கோள் படம், சாலையோரப் பார்வை என்று சமாளித்தார்கள். மலைச்சரிவே சிவந்து கிடக்கிற பெரிய சாவு செயற்கைக்கோளில் தெரிந்தது. இலை லேசாக மஞ்சளாவது, ஒன்றிரண்டு மரம் மட்டும் சாவது, இது வண்டா பூஞ்சையா வறட்சியா என்பது பழகிய கண்ணுக்குத் தெரிந்த அளவு படத்தில் தெரியவில்லை. எழுபது வருடத் தொடர் கணக்கில் அந்த ஒரு வருடம் ஒட்டாமல் நிற்கிறது.

இதைப் படித்தபோது என் மனது இரண்டு பக்கமும் இழுத்தது. எண் ஒட்டவில்லை என்பதற்காக ஆளை அனுப்புவதா? முன்பெல்லாம் தொடர் கணக்குக்குச் சத்தியம் செய்வேன். இப்போது, எந்தத் தொடரை அறுத்தால் காட்டுக்கு உண்மையில் நஷ்டம், எது வெறும் பழக்கம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். செல்வேயின் சால்மனுக்கு நஷ்டம். நான் பறந்து எண்ணிய சிலவற்றுக்கு நஷ்டமே இல்லை. எண்ணி, கோப்பில் போட்டு, யாரும் திறக்கவில்லை. அதற்காகவா மர உச்சியில் உரசினோம் என்று இருக்கிறது.

பிப்ரவரி 15, இரவு

வடதுருவப் பக்கத்தை விட்டுவிட்டேன் என்று ஒருவர் நினைவூட்டினார். 2021 ஏப்ரல் 25, கனடாவின் ரெசொலூட் பே அருகே கிரிஃபித் தீவு. வெண்கரடிக் கணக்கெடுப்பு முடித்துத் திரும்பிய ஏஎஸ்350 ஹெலிகாப்டர் விழுந்து மூவரும் இறந்தார்கள். வெள்ளை வானம், வெள்ளைத் தரை, நிழலே இல்லாத வெளிச்சம். தரை எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. கனடாப் பாதுகாப்பு வாரியம் அதற்குப் பிறகு ஹெலிகாப்டர் நிறுவனங்களுக்கான விதிகளை மாற்றச் சொல்லிப் பரிந்துரை செய்தது. அதுவும் கணக்கெடுக்கும்போது அல்ல, திரும்பும் வழியில். பத்தாம் தேதி எழுதியதற்கு இன்னொரு சாட்சி. காரணம் வேறு, ஆனால் வேலை முடிந்த பிறகு வருகிற நேரம் அதுவும்.

பிப்ரவரி 20

மேட்டுப்பாளையத்தில் இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர் தனியாக எழுதிக் கேட்டார். கனடாவில் கோடை வேலை கிடைக்கும்போல இருக்கிறது, ஹெலிகாப்டரில் போக வேண்டியிருக்கும், இந்த இழையைப் படித்துவிட்டு வீட்டில் வேண்டாம் என்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று. அவர் அனுமதியோடு பதிலை இங்கேயே போடுகிறேன், மற்றவர்களுக்கும் ஆகும்.

போகலாமா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன் தம்பி. போனால் முதல் நாளே இதைக் கேளுங்கள்: பறப்பை யாராவது தரையிலிருந்து தொடர்ந்து கவனிக்கிறார்களா, சத்தம் வராவிட்டால் எத்தனை நிமிடத்தில் தேட ஆரம்பிப்பார்கள்? பகுதியில் உள்ள மின்கம்பி வரைபடம் பைலட்டிடம் இருக்கிறதா, கிளம்பும் முன் எல்லோரும் சேர்ந்து பார்ப்பீர்களா? "எனக்குச் சரியாகப் படவில்லை, திரும்பலாம்" என்று பின் இருக்கையில் இருப்பவர் சொன்னால் திரும்புவார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சிரித்தார்கள் என்றால் வேறு வேலை பாருங்கள். அங்கே வேலைக்குப் பஞ்சமில்லை.

தீப்பிடிக்காத உடுப்பு தருவார்கள். உள்ளே பருத்தி போடுங்கள், நைலான் பனியன் வேண்டாம், சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். தோல் பூட்ஸ். ஹெல்மெட் உங்கள் தலை அளவுக்கு இருக்க வேண்டும், கிடைத்ததை மாட்டிக்கொள்ளாதீர்கள். அட்டை வேண்டாம், தொடையில் கட்டும் சிறிய பலகை கிடைக்கும், அதைக் கேளுங்கள். பேனாவுக்குக் கயிறு. கேமராவுக்குக் கழுத்துப் பட்டை மட்டும் போதாது, இருக்கைப் பட்டையோடும் ஒரு கொக்கி. ஏறியதும் பின்னால் திரும்பி என்ன கிடக்கிறது என்று பாருங்கள், கட்டாதது எதுவாக இருந்தாலும் கீழே இறக்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். கதவை மூடியபின் தாழ்ப்பாளை ஒருமுறை உள்ளிருந்து தள்ளிப் பாருங்கள்.

இஞ்சி மரப்பா அங்கே கிடைக்காது, இங்கிருந்தே வாங்கிப் போய்விடுங்கள். காகிதத்தைப் பிரித்ததும் சட்டைப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள்.